சென்னையிலிருந்து எண்ணிம நூலகம்வரை: ரங்கநாதனின் கூறுபகுப்பும் தமிழ்த் தேடலின் சிக்கலும்

ஆய்வுச்சுருக்கம்

சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924ஆம் ஆண்டில் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன் உருவாக்கிய கூறுபகுப்பு முறை இலண்டன் வழியாகத் தொழில் நிறுவனங்களை அடைந்தது. பின்னர் அது சொல்தேடலால் பின்தள்ளப்பட்டு, 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலைத்தளங்களின் வடிகட்டிகளாக மீண்டது. இவ்வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. கூறுபகுப்பைப் பின்தள்ளிய சோதனைகள் ஆங்கில ஆவணங்களைக் கொண்டு நடத்தப்பட்டவை. புணர்ச்சி, சொல்வழக்கு மாற்றம், பெயர்மரபு, பழைய அச்செழுத்து ஆகியவற்றால் அவற்றின் முடிவு தமிழ் ஆவணங்களுக்கு அப்படியே பொருந்தாது என்பது கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: ரங்கநாதன், கோலன் பகுப்புமுறை, கூறுபகுப்பு, கிரான்ஃபீல்டு சோதனை, எண்ணிம நூலகம், தமிழ்த் தேடல்

முன்னுரை

எண்ணிமப்படுத்தப்பட்ட தமிழ் நூல் ஒன்றில் ‘வரலாறு’ என்னும் சொல்லைத் தேடினால் ‘வரலாற்றில்’, ‘வரலாற்று’ என வரும் இடங்கள் அகப்படுவதில்லை. ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தின்’, ‘மரங்கள்’ ஆகியவை விடுபடுகின்றன. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் எளிய தேடுகருவியில் இவ்வாறுதான் நிகழும். இதனைப் பயனாளர்கள் கருவியின் குறை என்று கருதி அடுத்த சொல்லை இட்டுப் பார்க்கின்றனர். அகப்படாத பக்கம் இல்லாத பக்கமாகவே கொள்ளப்படுகிறது. ஆவணத்தைப் படமெடுத்துச் சேமித்துவிட்டால் அறிவு காக்கப்பட்டுவிட்டது என்னும் எண்ணம் நிறுவனங்களிடையே வலுவாக உள்ளது. ஆனால் சேமிப்பு வேறு, தேடி எடுக்கத்தக்கதாக ஆக்குதல் வேறு. இரண்டாவது பணியைப் பற்றி 20ஆம் நூற்றாண்டில் மிக ஆழமாகச் சிந்தித்தவர்களுள் ஒருவர் சீர்காழியில் பிறந்து சென்னையில் பணியாற்றியவர் என்பதும், அவருடைய சிந்தனை உலகைச் சுற்றி வேற்றுப் பெயருடன் தமிழ்க் கணினித் திரைக்கு வந்திருப்பதும் தமிழாய்வு கவனிக்க வேண்டிய செய்திகள்.

சென்னையில் தொடக்கம்

சீர்காழியில் 1892இல் பிறந்த ரங்கநாதன் கணிதம் பயின்றவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த அவர், 1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். தொடக்கத்தில் அப்பணி அவருக்குப் பிடிக்கவில்லை. வகுப்பறைக்கே திரும்ப விரும்பினார். இலண்டனுக்குச் சென்று நூலகப் பயிற்சி பெற்று வந்த பின்னர் முடிவு செய்யலாம் என்று கூறி அவரைத் தேற்றி அனுப்பினர். அப்பயணமே அவருடைய வாழ்நாட் பணியைத் தீர்மானித்தது.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் டபிள்யூ. சி. பெர்விக் சேயர்ஸ் என்பாரிடம் அவர் நூற்பகுப்பு பயின்றார். அக்காலத்தில் ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் பரவலாக இருந்தது 1876இல் வெளியான டூயி தசமப் பகுப்புமுறை. உலகிலுள்ள பொருள்களை முன்கூட்டியே வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை ஒதுக்கி வைப்பது அதன் இயல்பு. புதிய பொருள் ஒன்று தோன்றும்போது பட்டியலில் அதற்கு இடம் இருக்காது. இரு துறைகளைச் சேர்த்துப் பேசும் நூலை ஏதேனும் ஒரு பக்கத்தில் ஒதுக்கிவிட்டு மறுபக்கத்தை மறந்துவிட வேண்டும். இலண்டன் செல்ஃபிரிட்ஜஸ் அங்காடியில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளின் செயல்விளக்கத்தைக் கண்டபோது தமக்குத் தெளிவு பிறந்ததாக ரங்கநாதன் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். சில பட்டைகள், சில சக்கரங்கள், சில திருகுகள் ஆகியவற்றை வெவ்வேறு வகையில் இணைத்து எண்ணற்ற பொம்மைகளை ஆக்கலாம். அவ்வாறே நூற்பொருளையும் சிறு கூறுகளாகப் பிரித்து, வேண்டும்போது திருகாணி போன்ற ஒரு குறியால் இணைத்துக்கொள்ளலாம். அத்திருகாணியாக அவர் தேர்ந்தது முக்காற்புள்ளி. முறையின் பெயரும் அதிலிருந்தே அமைந்தது. சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் நூல்களைக் கொண்டு சோதித்துச் சீர்ப்படுத்திய கோலன் பகுப்புமுறையின் முதற்பதிப்பு 1933இல் வெளியாயிற்று. அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னரே நூலகவியலின் ஐந்து விதிகளை அவர் நூலாக்கியிருந்தார்.

முக்காற்புள்ளியால் பொருள்களை இணைக்கும் வழக்கத்தை முதலில் கண்டவர் ரங்கநாதன் அல்லர். பிரஸ்ஸல்ஸ் நகரில் பால் ஓத்லேயும் ஆன்றி லா ஃபொன்தேனும் உருவாக்கிய அனைத்துலகத் தசமப் பகுப்புமுறையில் அக்குறி முன்னரே உண்டு. ஒரு கோடிக்கு மேற்பட்ட அட்டைகளைத் தொகுத்து, கட்டணம் பெற்றுக்கொண்டு அஞ்சல் வழியே வினாக்களுக்கு விடையளித்த அவர்களுடைய நிறுவனத்தைக் கணினிக்கு முந்தைய தேடுபொறி எனல் தகும். ஆயினும் அவர்களுடைய முறை டூயியின் பட்டியலை அடித்தளமாகக் கொண்டது. இணைப்புக் குறிகள் அதன்மேல் வைத்த ஒட்டுகள். பட்டியலையே கைவிட்டுக் கூறுகளிலிருந்து தொடங்கியதில்தான் ரங்கநாதனின் புதுமை உள்ளது.

ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். தஞ்சை மாவட்டத்தில் 1950களில் நெற்பயிரின் நோய்களைத் தடுத்தது பற்றி ஓர் அறிக்கை இருப்பதாகக் கொள்வோம். வேளாண்மை என்பது அதன் துறை. அத்துறைக்குள் நெல், நோய், தடுத்தல், தஞ்சை, 1950கள் எனக் கூறுகள் பிரிகின்றன. ஒவ்வொரு கூறுக்கும் தனித்தனி அட்டவணை உண்டு. நூலகர் ஆயத்தமான எண்ணைத் தேடுவதில்லை. கூறுகளின் எண்களை எடுத்துக் கோக்கிறார். நாளை கரும்புக்கு ஒரு புதிய நோய் தோன்றினால், நோய் அட்டவணையில் ஓர் உறுப்பைச் சேர்த்தால் போதும்.

ஐந்து அடிப்படைகளும் தமிழ் இலக்கண மரபும்

கூறுகள் அனைத்தையும் ஐந்து அடிப்படை வகைகளுள் அடக்கலாம் என்பது ரங்கநாதனின் பிற்காலக் கோட்பாடு. ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்பன அவை. கோலன் பகுப்புமுறையின் 1952ஆம் ஆண்டு நான்காம் பதிப்பு அவற்றை வெளிப்படையாக அமைத்துக்கொண்டது. மேலே கண்ட எடுத்துக்காட்டில் நெல் ஆளுமை, தடுத்தல் ஆற்றல், தஞ்சை இடம், 1950கள் காலம். ஆளுமை என்னும் வகையை வரையறுத்தல் அரிது. மற்ற நான்கையும் கழித்த பின் எஞ்சுவதே அது என்று அவரே வழிகாட்டியது அக்கோட்பாட்டின் நெகிழ்ந்த இடமாகும். அதனைத் திறனாய்ந்தோர் பலர்.

தமிழ் மாணவர்க்கு இவ்வைந்தும் முற்றிலும் புதியன அல்ல. பெயர்ச்சொற்களைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என ஆறாகப் பகுப்பது நன்னூல் வழிவந்த பள்ளி இலக்கணம். தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று கொண்டு, மற்றவற்றை அவற்றின்மேல் வைக்கிறது. ரங்கநாதன் இவ்விலக்கணங்களிலிருந்து தம் வகைகளைப் பெற்றார் என்று நிறுவ முற்படுவது பயனற்றது. ஒற்றுமை இருப்பதாலேயே கடன் இருந்தது எனக் கொள்ளும் பழக்கம் தமிழ் ஆய்வுக்கு நன்மை செய்ததில்லை. ஆனால் கூறுபகுப்பைத் தமிழில் கற்பிப்போர்க்கு இவ்வாறுவகைப் பெயர் ஓர் ஆயத்தமான ஏணி.

நிகண்டு மரபும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. திவாகரம் தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருட்புலங்களாகத் தொகுதிகளைப் பிரித்து, ஒவ்வொரு பொருளுக்கும் வழங்கும் பல சொற்களை ஓரிடத்தில் திரட்டுகிறது. ஒரே சொல் பல பொருள் தருமிடங்களுக்குத் தனித் தொகுதி வைத்துள்ளது. தகவல் மீட்பில் ஒருபொருட் பன்மொழி, பலபொருள் ஒருமொழி என்னும் இரு சிக்கல்களே முதன்மையானவை. அவை இரண்டையும் நிகண்டாசிரியர் இனங்கண்டு தனித்தனியே கையாண்டிருக்கிறார்.

இலண்டனும் தொழிற்சாலைகளும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அறிவியல் அறிக்கைகளின் பெருக்கம் நிறுவனங்களைத் திணறச் செய்தது. ஒரு வானூர்தித் தொழிற்சாலைக்கோ வேதிப்பொருள் நிறுவனத்திற்கோ வேண்டியது அலமாரியில் நூலை அடுக்கும் முறை அன்று. தன் பொறியாளர் ஒருவர் மூன்றாண்டுக்கு முன் செய்த சோதனையின் முடிவை இன்னொரு பொறியாளர் கண்டெடுப்பதற்கான வழியே வேண்டியிருந்தது. இலண்டனில் 1952இல் கூடிய பகுப்பாய்வுக் குழு இச்சிக்கலுக்கு ரங்கநாதனிடம் விடை கண்டது. பி. சி. விக்கரி, ஜாக் மில்ஸ் முதலியோர் அதன் உறுப்பினர்கள். தகவல் மீட்பு முறைகள் அனைத்திற்கும் கூறுபகுப்பே அடித்தளமாதல் வேண்டும் என்று 1955இல் அக்குழு அறிக்கை வெளியிட்டது. டார்க்கிங் நகரில் 1957இல் நடந்த பன்னாட்டு மாநாடு அக்கருத்தை வழிமொழிந்தது.

ஐந்து அடிப்படை வகைகளை அப்படியே ஏற்க இக்குழு மறுத்துவிட்டது. ஒவ்வொரு துறைக்கும் அதற்குரிய கூறுகளை அத்துறையின் ஆவணங்களிலிருந்தே கண்டறிய வேண்டும் என்பது அவர்கள் நிலை. மண்ணியலுக்கும் கல்வியியலுக்கும் ஒரே வாய்ப்பாடு பொருந்த வேண்டியதில்லை. தத்துவத்தை விட்டுச் செய்முறையை எடுத்துக்கொண்ட இத்தெரிவே கூறுபகுப்பு நெடிது வாழக் காரணமாயிற்று எனலாம்.

இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பணி இதற்குச் சிறந்த சான்று. பொறியியலுக்கெனக் கூறுபகுப்பு அட்டவணை ஒன்றை வளர்த்துவந்த அந்நிறுவனம், 1969இல் ஜீன் ஏட்சிசனும் அவர்தம் குழுவினரும் உருவாக்கிய தெசாரோஃபேசட் என்னும் தொகுதியை வெளியிட்டது. ஒரு பக்கம் கூறுபகுப்பு அட்டவணை, மறுபக்கம் அகரவரிசைச் சொற்களஞ்சியம். இரண்டும் ஒரே எண்ணால் பிணைக்கப்பட்டிருந்தன. பொறியாளர் தமக்குத் தெரிந்த சொல்லிலிருந்து தொடங்கலாம். அச்சொல் ஏற்கப்பட்ட சொல்லுக்கு அழைத்துச் செல்லும்; அங்கிருந்து அண்டைப் பொருள்கள் தெரியும். சொல்லும் வகைப்பாடும் பகைவர் அல்லர் என்பதை ஒரு தொழில் நிறுவனம் தன் அன்றாடத் தேவைக்காக நிறுவிக்காட்டியது இது.

கணினியுடனான இணைப்பும் இக்காலத்திலேயே தொடங்கிற்று. பிரித்தானியத் தேசிய நூற்பட்டியல் 1950 முதல் ரங்கநாதனின் சங்கிலிச் சுட்டி முறையைப் பின்பற்றியது. அதற்கு மாற்றாக 1971இல் வந்த பிரெசிஸ் முறையை டெரெக் ஆஸ்டின் வடிவமைத்தார். சுட்டியாளர் ஒருமுறை கூறுகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் பணியைக் குறியிட்டுக் கொடுத்தால், வேண்டிய பதிவுகளையெல்லாம் கணினியே திருப்பித் திருப்பி அச்சிட்டுத் தரும். பகுத்தறியும் வேலை மனிதருக்கு, வரிசை மாற்றும் வேலை எந்திரத்துக்கு என்னும் இப்பிரிவினை நியாயமானது. பெங்களூருவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் 1962இல் ரங்கநாதன் தொடங்கிய ஆவணவியல் ஆய்வு பயிற்சி மையத்திலும் இத்தகைய முயற்சிகள் நடந்தன. ரங்கநாதன் 1972இல் மறைந்தார்.

கிரான்ஃபீல்டின் தீர்ப்பு

எதிர்வழக்கு கிரான்ஃபீல்டு வானூர்தியியல் கல்லூரி நூலகத்திலிருந்து வந்தது. அதன் நூலகர் சிரில் கிளெவர்டன், பகுப்புமுறைகளின் மேன்மையைப் பற்றிய வாதங்களை விட்டு அவற்றை அளந்து பார்க்க முற்பட்டார். வானூர்தியியல் சார்ந்த 18,000 ஆவணங்கள் நான்கு முறைகளில் சுட்டப்பட்டன: அனைத்துலகத் தசமப் பகுப்பு, அகரவரிசைப் பொருட்தலைப்பு, கூறுபகுப்பு, மார்ட்டிமர் டாப் உருவாக்கிய யூனிடெர்ம். கடைசியில் கூறப்பட்டது மிக எளியது. ஆவணத்திலிருந்து தனிச்சொற்களை எடுத்து அட்டையில் பதிவதே அதன் முறை.

1962இல் வந்த முடிவு பலரை அதிரச் செய்தது. நான்கு முறைகளும் ஏறத்தாழ 74 முதல் 82 விழுக்காடுவரை தேடிய ஆவணத்தைக் கண்டெடுத்தன. உச்சத்தில் இருந்தது யூனிடெர்ம். அடியில் இருந்தது கூறுபகுப்பு. கூறுபகுப்பின் தோல்விக்கு அதனுடன் இணைத்த சங்கிலிச் சுட்டி பெரிதும் காரணம் என்பதும், வேறு சுட்டி வைத்தபோது அது மற்றவற்றுக்கு இணையாக உயர்ந்தது என்பதும் அச்சோதனையிலேயே வெளிப்பட்டன. வினாக்கள் தொகுதியிலிருந்த ஆவணங்களையே அடிப்படையாகக் கொண்டு எழுதப்பட்டன என்னும் கண்டனமும் எழுந்தது. எனவே 1,400 ஆவணங்களையும் 33 சுட்டுமொழிகளையும் கொண்டு இரண்டாம் சோதனை நடத்தப்பட்டு 1966இல் அறிக்கை வந்தது. இம்முறையும் ஆவணத்தின் இயல்பான தனிச்சொற்களே முன்னணியில் நின்றன.

இச்சோதனைகள் நேர்மையானவை. அளவிடாமல் நம்பிவந்த ஒரு துறைக்கு அளவுகோல் தந்தவை. இன்றைய தேடுபொறிகளின் மதிப்பீட்டு முறையும் அவற்றின் வழித்தோன்றலே. ஆயினும் அவை எதனை அளந்தன என்பதை மறத்தல் கூடாது. ஒரு துறை, அதற்குள் ஓரளவு உறைந்துவிட்ட கலைச்சொற்கள், ஆங்கிலம் என்னும் ஒரு மொழி, ஏறத்தாழ ஒரே காலத்து எழுத்து, தெளிந்த அச்சு ஆகியவை அச்சோதனைக் களத்தின் இயல்புகள். ஆங்கிலச் சொல் வேற்றுமை உருபேற்கும்போது வடிவம் திரிவதில்லை. இரு சொற்களுக்கிடையே வெற்றிடம் விட்டு எழுதப்படுகிறது. அத்தகைய மொழியில் தனிச்சொல்லைப் பிரித்தெடுப்பதற்குத் தனி அறிவு தேவையில்லை. மனிதச் சுட்டியாளரின் உழைப்பு மிகையானது என்னும் எண்ணம் அதன்பின் பரவியது.

கோலன் பகுப்புமுறை நூலகங்களில் தளர்ந்ததற்கு ரங்கநாதனும் ஒரு காரணம் என்பதை அவருடைய அன்பர்கள் ஒப்புக்கொள்வது அரிது. ஒவ்வொரு பதிப்பிலும் அடிப்படைகளையே அவர் மாற்றினார். பழைய எண்களை மாற்றி எழுத ஆள்வலுவற்ற நூலகங்கள் பின்தங்கின. அவர் மறைவுக்குப் பின் 1987இல் வந்த ஏழாம் பதிப்புக்குப் பின்னரும் இந்திய நூலகங்களில் பெரும்பான்மை டூயியைப் பின்பற்றுவதற்கு அயல்மோகம் மட்டுமே காரணம் என்று கூறுதல் பொருந்தாது.

வடிகட்டிகளாக மீட்சி

சுவிட்சர்லாந்திலுள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் அளித்த முன்மொழிவு வையவிரி வலையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அது முதன்மையாக ஒரு நிறுவனம் தன் அறிவை இழப்பது பற்றிய ஆவணம். ஆய்வாளர்கள் குறுகிய காலம் தங்கி வெளியேறுகின்றனர். அவர்கள் அறிந்தது அவர்களுடன் போய்விடுகிறது. கிளைத்துச் செல்லும் மரவடிவப் பட்டியல் இதற்குப் போதாது. திறவுச்சொல்லும் போதாது, இருவர் ஒரே சொல்லைத் தேர்வதில்லை என்று அவர் காரணம் காட்டினார். டூயியின் குறையையும் யூனிடெர்மின் குறையையும் ஒருசேரக் கண்ட அவர், ஆவணத்துக்கு ஆவணம் இணைப்பு என்னும் மூன்றாவது வழியைத் தேர்ந்தார்.

வலை பெருகிய பின் வணிகத் தளங்கள் பழைய சிக்கலுக்கே வந்து சேர்ந்தன. பல்லாயிரம் பொருள்களை விற்கும் தளத்தில் வாங்குபவர் எந்தச் சொல்லை இடுவார் என்று அறிய முடியாது. விலை, நிறம், அளவு, உற்பத்தியாளர் எனக் கூறுகளாக்கி, எதிலிருந்தும் தொடங்கி எதனாலும் சுருக்கிக்கொள்ள விடுவதே வழியாயிற்று. இதனை மென்பொருளாக்கி விற்ற எண்டெகா நிறுவனம் 1999இல் தொடங்கப்பட்டது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மார்ட்டி ஹெர்ஸ்ட் குழுவினரின் ஃபிளமெங்கோ ஆய்வு, கலைப்படங்களைத் தேடுவோர் சொற்பெட்டியைக் காட்டிலும் கூறுவழி உலாவலையே பெரிதும் விரும்புவதைச் சோதித்துக் காட்டியது. வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழக நூலகம் 2006இல் எண்டெகாவைத் தன் நூற்பட்டியலில் பொருத்தியது. நூலகத்தில் பிறந்த கருத்து கடைத்தெருவைச் சுற்றி நூலகத்துக்கே மீண்டது. அதன்பின் கட்டற்ற மென்பொருள்கள் இவ்வசதியை எளிதாக்கிவிட்டன.

இவ்வாறு மீண்டது ரங்கநாதன் முறையின் பாதியே. அலமாரியில் ஒரு நூலுக்கு ஓரிடமே உண்டு. எனவே கூறுகளுள் எது முன், எது பின் என்னும் வரிசையைத் தீர்மானிக்க அவர் பெரிதும் உழைத்தார். திரையில் அலமாரி இல்லை. வரிசையைப் பயனாளரே ஆக்கிக்கொள்கிறார். எனவே எண்ணும் முக்காற்புள்ளியும் உதிர்ந்தன. பகுத்தல் மட்டும் நின்றது. எண் உதிர்ந்ததில் ஓர் இழப்பும் உண்டு. கோலன் எண் எம்மொழிக்கும் உரியதன்று. ஒரே பொருளைத் தமிழில் ஒரு சொல்லாலும் ஆங்கிலத்தில் இன்னொரு சொல்லாலும் எழுதினாலும் எண் ஒன்றே. சொல்லைத் தாண்டிப் பொருளைப் பற்றும் கைப்பிடியாக அது இருந்தது.

தமிழில் தேடல்

கிரான்ஃபீல்டின் தீர்ப்பு தமிழுக்குச் செல்லாது என்பதற்குரிய காரணங்கள் மொழியின் அமைப்பிலேயே உள்ளன. ‘நெல்’ என்று தேடுபவர்க்கு ‘நெற்பயிர்’ அகப்படாது, ‘நென்மணி’யும் அகப்படாது. ‘கடல்’ என்பது ‘கடற்கரை’யில் இல்லை. புணர்ச்சியில் ஈறு திரியும் மொழியில் தனிச்சொல் என்பது பக்கத்தில் கிடக்கும் பொருளன்று. இலக்கணம் அறிந்தவர் பிரித்தெடுக்க வேண்டிய பொருள். பழைய உரைநூல்களிலும் 19ஆம் நூற்றாண்டு உரைநடையிலும் சொற்களைச் சேர்த்தெழுதும் வழக்கம் மிகுதி. உருபனியல் பகுப்பிகள் இக்குறையில் ஒரு பகுதியை நீக்குகின்றன. அவை செய்வது, கணினி வழியே பதம் பிரித்தல்.

பதம் பிரித்தாலும் தீராத சிக்கல் சொல்வழக்கு மாற்றம். இன்றைய ஆய்வாளர் ‘நூலகம்’ என்று தேடுகிறார். நூற்றாண்டுக்கு முந்தைய இதழில் அது ‘புத்தகசாலை’யாகவோ ‘வாசகசாலை’யாகவோ இருக்கும், இடைக்காலத்தில் ‘நூல்நிலையம்’. ‘மருத்துவமனை’ என்று தேடுபவர்க்கு ‘ஆஸ்பத்திரி’ அகப்படாது. இலங்கையில் இன்றும் வழங்கும் ‘வைத்தியசாலை’யும் அகப்படாது. தனித்தமிழ் இயக்கத்தின் விளைவாக ஓரிரு தலைமுறைக்குள் தமிழ் உரைநடையின் பெயர்ச்சொல் தொகுதி பெருமளவு மாறியது. அம்மாற்றத்தை வரவேற்போரும் அதனால் எழும் தேடற் சிக்கலை மறுக்க இயலாது. முந்தைய தலைமுறையின் எழுத்தை இன்றைய சொல்லால் எட்ட வேண்டுமெனில் இடையில் ஒரு நிகண்டு வேண்டும்.

பெயர்கள் இன்னும் கடினமானவை. சொ. விருத்தாசலமும் புதுமைப்பித்தனும் ஒருவரே என்பதை எந்தக் கருவியும் தானாக அறியாது. உ. வே. சா.வின் பெயர் சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர் எனத் தமிழிலேயே பலவாறு எழுதப்படுகிறது; ஆங்கில எழுத்துப்பெயர்ப்புகளைச் சேர்த்தால் எண்ணிக்கை பெருகும். நல்லூர் என்னும் பெயரில் ஊர்கள் பல உள்ளன. மதுரை என்பது ஊராகவும் வரும், ஆளின் பெயரிலும் வரும். இடம் என்னும் கூறையும் ஆள் என்னும் கூறையும் யாரேனும் பிரித்துப் பதிந்திருந்தால் மட்டுமே தேடல் தெளிவாகும்.

எழுத்துணரிகளின் நிலையும் கருதத்தக்கது. தமிழ்நாட்டில் 1978இல் நடைமுறைக்கு வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணா, றா, னா, ணை, லை, னை முதலியவை வேறு வடிவில் உள்ளன. பழுப்பேறிய தாளில் அவ்வடிவங்களைக் கருவி தவறாகப் படிக்கும்போது, பிழையான சொல் பிழையாகவே சேமிக்கப்படுகிறது. ஓலைச்சுவடியில் புள்ளியே இடப்படுவதில்லை. ஆகவே முழுப்பாடத் தேடலை மட்டும் நம்பும் தமிழ் எண்ணிமத் தொகுப்பில், ஆவணம் எவ்வளவு பழையதோ அவ்வளவுக்கு அது மறைந்து கிடக்கும்.

இணையத் தமிழின் முதற்கட்டம் எழுத்துருவாக்கத்திலேயே கழிந்ததற்கு நியாயம் உண்டு. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் முதலிய தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், இலக்கியங்களைத் தட்டச்சுச் செய்து, குறியேற்றங்கள் மாறியபோது கோப்புகளையும் மாற்றி, இறுதியில் ஒருங்குறிக்கு வந்தது. எழுத்தே நிலைபெறாத காலத்தில் கூறுகளைப் பற்றிச் சிந்திக்க இடமிருக்கவில்லை. இன்று அத்தடை இல்லை.

விவரிக்கும் உழைப்பு

கோட்டையூர் ரோஜா முத்தையாவின் தொகுப்பு இதற்கு ஒரு படிப்பினை. ஏறத்தாழ 1,00,000 உருப்படிகள் கொண்ட அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, அயலுக்குக் கொண்டுசெல்லாமல், 1994இல் சென்னையில் நூலகமாக நிறுவத் துணைநின்றது. நுண்படமெடுத்தலும் நூற்பட்டியலாக்கமும் அங்கே தொடக்கம் முதலே இணைந்து நடந்தன. நாடகத் துண்டறிக்கை, பாட்டுப் புத்தகம், மருத்துவக் கையேடு என அதுவரை நூலகங்கள் பொருட்படுத்தாத அச்சுப்பொருள்கள் ஆசிரியர், அச்சகம், ஆண்டு என்னும் விவரங்களுடன் பதிவானபோதுதான் அவை ஆய்வுச் சான்றுகளாயின. தமிழ் அச்சுப் பண்பாட்டு வரலாறு பின்னர் இத்தகைய பட்டியல்களைச் சார்ந்தே எழுந்தது.

யாழ்ப்பாணத்தின் நிலை வேறு. யாழ்ப்பாணப் பொது நூலகக் கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. அதன் அமைப்புக்கு ஆலோசனை வழங்கியவர்களுள் ரங்கநாதனும் ஒருவர். 1981 சூன் முதல் நாளை ஒட்டிய இரவில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அங்கே எரிக்கப்பட்டன. ஈழத்து ஆவணங்களை எண்ணிமமாக்கும் நூலகம் நிறுவனத்தின் பணி 2005இல் தொடங்கியபோது, அவ்விழப்பின் நினைவு அதற்குப் பின்னணியாக இருந்தது. விக்கி மென்பொருளில் இயங்கும் அத்தளத்தில் ஒவ்வொரு நூலுக்கும் தனிப்பக்கம் உண்டு. ஆசிரியர், நூல் வகை, மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் எனப் புலங்கள் நிரப்பப்பட்டு, அவ்வவற்றின் வழியே பிற நூல்களுக்குச் செல்லலாம். பெரும் பொருட்செலவின்றிக் கையால் செய்யப்பட்ட கூறுபகுப்பு அது.

அப்புலங்களுள் எதுவும் எளிதில் நிரம்புவதில்லை. பழைய நூலின் முகப்பில் ஆண்டு பெரும்பாலும் அறுபதாண்டு வட்டத்தின் பெயராலேயே குறிக்கப்பட்டிருக்கும். துன்மதி ஆண்டு ஆடி மாதம் என்று மட்டும் இருந்தால் அது 1861ஆ, 1921ஆ, 1981ஆ என்பதைக் கணினி சொல்லாது. எண்ணிமப்படுத்துபவர் அச்சகத்தின் பெயரைப் பார்க்க வேண்டும். அவ்வச்சகம் எக்காலத்தில் இயங்கியது என்று வேறு நூல்களிலிருந்து தேற வேண்டும். எழுத்தின் வடிவத்தையும் சிறப்புப்பாயிரம் தந்தவரின் காலத்தையும் ஒப்பிட வேண்டும். சில சமயம் காலம் என்னும் ஒரு கூறை நிரப்ப அரை நாள் ஆகும். அந்த அரை நாளுக்கு நிதிநல்கைத் திட்டங்களில் தனித் தலைப்பு வைக்கப்படுவது அரிது. படமெடுத்த பக்கங்களின் எண்ணிக்கையே முன்னேற்ற அறிக்கையில் இடம்பெறுகிறது.